ஊவாத் தோட்டங்களில் தீபாவளி விருந்து: ஒரு வரலாற்று நோக்கு

விருந்து என்னுஞ் சொல் இக்காலத்திற் சிறப்பான உணவையும், அவ்வுணவை உண்ண வருவோரையுங் குறித்து வழங்குகின்றது. பழந்தமிழில் அதன் முதற்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய வனப்புகள் எட்டனுள் விருந்து என்பதனையும் ஒன்றாக வைத்து, புதியனவாக யாக்கப்படும் செய்யுளை அப்பெயராற் குறித்தார். புதுமையை உணர்த்திய சொல் புதியராய் வந்தாரை உணர்த்தி, பின்னர் அவர்க்கு இடப்படும் உணவையும் உணர்த்தலாயிற்று. ஆதலின், உறவினர் கூடி உண்பதைப் பழையோர் விருந்தென்று கொண்டிலர். வள்ளுவர் இல்வாழ்வானுக்குரிய கடன்களை ஐவகையாக வகுத்தபோது, மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என எண்ணி, விருந்தினரையும் சுற்றத்தாரையும் வேறுவேறாகவே வைத்தார்.

இவ்வைந்து கடன்களையும் ஒரே நாளில், ஒரே அடுப்பில், பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுங் கொண்ட ஓர் அறையில் இருந்து ஆற்றி முடித்த மக்கள் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர். அந்நாள் தீபாவளித் திருநாள். ஹாலிஎல, தெமோதரை, உடுவரை, ஸ்பிரிங்வெலி முதலாய ஊவாப் பகுதித் தோட்டங்களில் அவ்விருந்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு திட்டமிடப்பட்டது, எவ்வெவ் இடையூறுகளைத் தாங்கி நிலைத்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளர் பண்டிகைக்காகக் கடன்பட்டு ஒரே நாளில் ஓராண்டு உழைப்பை அழிக்கின்றனர் என்னும் கூற்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. துரைமாரும் கூறினர், நகர்ப்புறத்துக் கற்றோருங் கூறினர். லயத்திற் பிறந்து வளர்ந்து, பின்னர் வெளிவாரியாகப் பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலிற் புகுந்த யானும் ஒருகால் அவ்வாறே எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையென்று உணர்ந்த வகையைப் பின்னர்க் கூறுவேன்.

குடும்பம் வந்த காலம்

தோட்டங்களில் விருந்து தோன்றுதற்கு முன்னர்க் குடும்பம் தோன்றல் வேண்டும். கோப்பிப் பயிர்ச்செய்கை 1830ஆம் ஆண்டளவில் மலைநாட்டிற் பெருகத் தொடங்கிய காலத்துத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலாய இடங்களினின்றும் வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். கோப்பி பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்தபின் தத்தம் ஊருக்கு மீள்வதே அக்கால வழக்கம். அவர்களுடைய விருந்தும் உறவும் கடலுக்கு அப்பால் இருந்தன. இங்கு இருந்தது பசி தணித்தற்கான சோறு மட்டுமே.

1869இல் கோப்பி இலையிற் கண்ட நோய் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையிற் பெருமளவில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மட்டுமன்று. கோப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் மட்டும் மிகுதியான ஆள் வேண்டும்; தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். கொழுந்தெடுத்தற்குப் பெண்களின் கை வேண்டப்பட்டது. எனவே குடும்பங்கள் வந்து தங்கின; குழந்தைகள் லயத்திற் பிறந்தன; இறந்தோர் தோட்டத்து மண்ணிற் புதைக்கப்பட்டனர். முன்னோரின் கல்லறை எங்கே உள்ளதோ, அங்கேதான் படையலும் இடப்படும். தீபாவளிப் படையல் ஊவா மலைகளில் வேர்கொண்டது தேயிலையோடுதான் என்று துணிந்து கூறலாம்.

இவ்வாறு கடல் கடந்து சென்ற தமிழர் யாண்டும் தம் பண்டிகையை உடன்கொண்டே சென்றனர். 1834 முதல் மொரீசியசுக்கும், 1879 முதல் பீஜித் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியன இவ்வளவென ஒப்பந்தத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தன. இலங்கைக்கு வந்தோர்க்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. கங்காணியின் கடனே ஒப்பந்தத்தின் இடத்தில் நின்றது. ஆயினும் அரிசி இங்கும் சம்பளத்தின் ஒரு கூறாகவே விளங்கிற்று.

அரிசி வந்த வழி

தோட்டத்து விருந்தின் வரலாறு, பெரும்பாலும், அரிசியின் வரலாறேயாகும். தோட்டத்திற் பணிபுரிவோர் தாம் உண்ணும் அரிசியைத் தாம் விளைத்தாரல்லர். பலசரக்குக் கடையில் தாமே தெரிந்தெடுத்து வாங்கினாருமல்லர். நிருவாகம் அரிசியை மொத்தமாக வருவித்து, தலைக்கு இத்தனை கொத்தென அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. 32 கொத்துக் கொண்டது ஒரு புசல். கொத்து, புசல் என்னும் இவ்விரு அளவைகளே தோட்டத்துப் பெண்களின் கணிதத்திற்கு அடிப்படை.

பர்மாவினின்றும் இந்தியாவினின்றும் கொழும்புக்கு வந்திறங்கிய அரிசி மலையேறிய வழியும் நினைத்தற்குரியது. புகையிரதப் பாதை 1867இற் கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1921இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் பாதை தன்னையே சுற்றித் தன் கீழே நுழையும் சுற்றுவழியும் அமைந்தபின், 1924இற் புகையிரதம் ஹாலிஎலவைக் கடந்து பதுளையை அடைந்தது. அந்த முப்பது ஆண்டுகளும் எம் பகுதித் தோட்டங்களுக்கு அரிசி மாட்டுவண்டியிலேயே வந்தது. ஐப்பசி மழையில் வீதி சரிந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் தீபாவளிக்கு அரிசி இல்லை. எனவே, பண்டிகைக்குரிய அரிசியை ஓரிரு மாதங்களுக்கு முன்னரே, அன்றாடப் படியிற் பிடிபிடியாக எடுத்துப் பானையில் இட்டு வைக்கும் வழக்கம் எழுந்தது. புகையிரதம் வந்தபின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை.

கங்காணியிடம் கடன்பட்ட தொழிலாளி, கடன் தீரும்வரை வேறு தோட்டஞ் செல்ல இயலாது கட்டுண்டிருந்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்தது. அதன்படி உயர்மலைப் பகுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் குறிக்கப்பட்டன. ஆண், பெண் ஆகிய இருபாலார்க்கும் ஒரே நாட்சம்பளம் என்னும் நிலை 1984இலேதான் வந்தது. விருந்தின் முழுப் பொறுப்பையும் தாங்கிய பெண்ணின் உழைப்பு, அதற்கு முன்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆணின் உழைப்பினும் குறைவாக மதிக்கப்பட்டது என்பதை ஈண்டு மறத்தலாகாது.

போரும் பங்கீடும்

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அவ்வாண்டே இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. அரிசிக் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. தோட்டத்து மக்கள் காலையிலும் மாலையிலும் தேங்காய்ச் சம்பலோடு உண்ணும் ரொட்டி எங்கள் தொன்மை வழக்கு எனச் சிலர் கருதுகின்றனர். அது போரின் பேறு. தமிழகத்துச் சிற்றூரினின்று வந்த நெல்லுண்ணி மக்களின் நாவிற் கோதுமையை நிலைபெறச் செய்தது பங்கீட்டு அட்டையே.

இதனால் விளைந்த ஒரு மாற்றம் ஆராய்ச்சியாளர் கருத்தில் இன்னும் பதியவில்லை. அன்றாட உணவு ரொட்டியானபின், தீபாவளிக் காலையின் இட்டலியும் நண்பகற் சோறும் முன்னினும் பெருஞ்சிறப்புப் பெற்றன. நாள்தோறும் உண்பதை மிகுதியாக உண்பது விருந்தாகாது. நாள்தோறும் கிட்டாததை உண்பதே விருந்து. புதுமை என்னும் பழம்பொருளை அச்சொல் தோட்டத்தில் மீண்டும் பெற்றது எனலாம்.

போர் முடிந்தபின்னரும் பங்கீடு தொடர்ந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்தினின்றும் 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்ததும், அதன்பின் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்ததும் மாணவர் அறிந்தனவே. 1966இன் இறுதியில் வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீடு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு, அது விலையின்றி வழங்கப்பட்டது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவுப்பொருள்களின் விலை ஏறியதனால் அரிசி, மா, சீனி யாவும் அருகின. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லவும் கட்டுப்பாடு இருந்தது. நெல்வயல் உள்ள கிராமத்தான் ஒருவாறு பிழைத்தான். வயல் இல்லாத தோட்டத்தான் வாடினான். 1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தமை அரசாங்கப் புள்ளிவிவரங்களாலேயே பெறப்படுவது.

அவ்வாண்டுத் தீபாவளியைப் பற்றி என் தாயார் கூறியதை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். மரவள்ளிக்கிழங்கை அவித்து, இடித்து, மிளகாயும் உப்புஞ் சேர்த்து வடைபோற் சுட்டனராம். படையலுக்கு மட்டும் ஒரு சுண்டு அரிசி பொங்கினராம். அச்சோற்றை வீட்டில் இருந்தவர் அனைவரும் ஒவ்வொரு பிடியாகப் பகிர்ந்து உண்டனர். அன்றும் புதிதாக வந்தோர் இருவருக்கு இலை போடப்பட்டது என்று கூறி, அவர் பெருமிதங் கொள்வார். விருந்து உணவின் அளவால் அமைவதன்று என்பதற்கு யான் அறிந்த சான்று இதுவே.

ஓராண்டுத் திட்டம்

இனி, இவ்விருந்து எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டது என்பதை நோக்குவோம். ஒரே நாளில் ஓராண்டு உழைப்பை அழிப்போர் என்று கூறுவார், அந்த ஒரு நாளுக்கு ஓராண்டு காலந் திட்டமிட்டோர் அவர்கள் என்பதைக் கண்டிலர்.

ஒரு தீபாவளி முடிந்த மறுமாதமே அடுத்த தீபாவளிக்குச் சீட்டுத் தொடங்கும். லயத்துப் பெண்கள் பத்து அல்லது பன்னிருவர் கூடி, சம்பள நாளில் ஒரு சிறு தொகையை ஒருவரிடம் ஒப்படைப்பர். கங்காணி தரும் கடனுக்கு வட்டியும் உண்டு, வணக்கமும் உண்டு. சீட்டுக்கு இரண்டும் இல்லை. ஆதலின் இச்சீட்டு வெறுஞ் சேமிப்பன்று. ஒரு சிறு விடுதலையுமாகும்.

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் கச்சான் காற்று வீசும். தேயிலையின் மணம் உலகப் புகழ் பெறுவது அக்காலத்திலேயே. ஆயின், வறட்சியாற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தாற் பெயரும் குறையும்; பெயர் குறைந்தாற் சம்பளம் குறையும். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலை உயர்ந்த விலை பெறும் மாதங்களே அதனைப் பறிப்பவளுக்கு நெருக்கடி மாதங்களாய் இருந்தன. அந்நாள்களை அவள் வீணே கழித்தாளில்லை. வெயில் கிட்டும்போதே மிளகாயையும் மல்லியையும் காயவைத்து இடித்து வைத்தாள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு சுமந்துவந்து இஸ்தோப்பின் ஓரத்தில் அடுக்கினாள். ஐப்பசியில் மழை தொடங்கியபின் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? முப்பது பேருக்குச் சமைக்கும் அடுப்பில் ஈரவிறகு புகைந்தால், அறை முழுதும் புகை மண்டும், இட்டலி வேகாது.

பண்டிகைக்கு இரண்டு வாரங்களின் முன் நிருவாகம் தீபாவளி முற்பணம் கொடுக்கும். முற்பணம் என்னும் பெயர் கேட்டு அதனை ஓர் அன்பளிப்பென்று வெளியார் மயங்குவர். அது தொழிலாளியின் நாளைய சம்பளத்தை இன்று தருவதாகும். பின்னர் மாதந்தோறும் தவணையாகக் கழிக்கப்படும். முற்பணம் புத்தாடைக்கும், சீட்டுப்பணம் உணவுக்கும் என்று பிரித்து வைப்பது எம் லயத்து வழக்கம். இரண்டையுங் கலந்த வீடு பங்குனி வரை தத்தளிக்கும் என்பர் முதியோர்.

இறைச்சியைத் தனியொருவர் வாங்குதல் அரிது. எட்டு வீட்டார் கூடி ஓர் ஆட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பர். அறுத்தபின் இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் ஆகியவற்றை எட்டுக் கூறாக வைப்பர். கூறு வைத்தவரே தமக்குரியதை முதலில் எடுத்தல் கூடாது. இறுதியில் எஞ்சியதே அவருக்கு. இதனால் கூறுகள் நேராய் அமையும். அரசியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் நீதி ஒன்றை லயத்து மக்கள் ஒரு வாழையிலையின்மேல் விளக்கினர்.

முதல்நாட் பிற்பகல் முதல் ஆட்டுக்கல் ஓயாது. லயத்துக்கு இரண்டு கல் இருந்தால், எந்த வீட்டுக்கு எப்பொழுது என்பதும் முன்னரே பேசி முடிக்கப்பட்டிருக்கும். கோயிலில் இருக்கும் அண்டா, அயல் லயத்தில் இருக்கும் பெரிய தாச்சி, உறவினர் வீட்டுக் கரண்டி யாவும் முறைவைத்துக் கைமாறும். இரவு முறுக்கும் அதிரசமும் சுசியமும் சுடுவர். விடியுமுன் எண்ணெய் நீராட்டு. பின் முன்னோர்க்கும் தெய்வத்துக்கும் படையல். அதன்பின் இட்டலியும் இறைச்சிக் குழம்பும். நண்பகலிற் சோறு.

முப்பது பேர் ஓர் அறையில் இருந்து உண்ண இயலாது. இஸ்தோப்பில் ஒரு வரிசைக்கு எண்மர் என நான்கு பந்தி அமையும். முதற்பந்தி குழந்தைகளுக்கு, இரண்டாவது முதியோர்க்கும் வெளியிலிருந்து வந்தார்க்கும், மூன்றாவது ஆடவர்க்கு, இறுதிப் பந்தி சமைத்த பெண்களுக்கு. குழந்தைக்கும் முதியோர்க்கும் முன்னுரிமை கொடுத்த முறையைப் போற்றுகின்றோம். நெருப்பின்முன் இரவெல்லாம் நின்றவர் ஆறிய சோற்றை இறுதியில் உண்ட முறையைப் போற்ற இயலவில்லை. வரலாறு எழுதுவோன் இரண்டையும் எழுதுதல் வேண்டும்.

ஒரு நாட்காட்டியின் பின்புறம்

என் தாயார் எழுத்தறியார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு புரட்டாதி மாதத்து இரவில், பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தைக் காட்டி, தாம் சொல்லுவதை எழுதப் பணித்தார். அத்தாள் இன்றும் என்னிடம் உள்ளது. அதிலுள்ளது வருமாறு: ஆள் 30. சோற்றுக்கு அரிசி 6 கொத்து. இட்டலிக்கு அரிசி 4 கொத்து, உளுந்து 1 கொத்து. தேங்காய் 12. ஆட்டுக்கூறு 2. இவற்றின் கீழே நல்லெண்ணெய், சருக்கரை, கடலைப்பருப்பு, வாழையிலை எனப் பிறவும் உள.

மலைக்குப் போய்வரும் ஐவருக்கு ஒரு வேளைக்கு ஒரு கொத்து என்பது அவர் கணக்கு. முப்பதை ஐந்தால் வகுத்தால் ஆறு. வகுத்தல் கற்ற மாணவனாகிய யான், வருவோரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், இருபத்துநால்வரே தேறினர். கணக்குப் பிழையென்று சொன்னேன். "பிழை இல்லை, மாமா வீட்டு ஆறு பேரும் கணக்கில் இருக்கட்டும்" என்றார்.

அவ்வாறு பேரும் இலங்கையில் இல்லை. இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்ணாற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. ஆட்டிறைச்சியைக் கூறு வைப்பதினும் எளிதாக மாந்தர் கூறு வைக்கப்பட்டனர். ஆயின், கூறு வைத்தவருள் எவரும் எஞ்சிய பங்கை எடுக்கும் நிலையில் இல்லை.

பதுளையிலும் ஹாலிஎலவிலும் புகையிரதம் ஏறியோர் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவர் இலங்கைப் பிரசாவுரிமையும் பெற்ற குடும்பங்கள் பல. என் தாயாரின் தமையனார் மனைவி மக்களோடு 1983இற் சென்றார். அவ்வாண்டு யூலை வன்செயலிற் பதுளை நகர் எரிந்ததும் அவர் விரைந்து செல்லக் காரணமாயிற்று. 1984இற் கப்பற் போக்குவரத்து நின்றது. இலங்கையினின்று சென்றோர்க்கெனத் தமிழக அரசு 1968இல் நீலகிரியிற் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில் அவர் வேலை பெற்றார். கொழுந்து பறித்தவர் கொழுந்தே பறிக்கலாயினர். அங்கு அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். இங்கு எங்களுக்கு இந்தியத் தமிழர் என்று பெயர்.

அத்தீபாவளிக்கு ஆறு கொத்து அரிசியும் உலையில் இடப்பட்டது. இருபத்துநால்வர் உண்டபின், ஆறு பேருக்குரிய சோற்றையும் குழம்பையும் பலகாரத்தையும் என் தாயார் ஒரு பாத்திரத்தில் எடுத்து, கீழ்லயத்து வீடொன்றுக்கு என் கையிற் கொடுத்தனுப்பினார். அவ்வீட்டில் அவ்வாண்டு ஒருவர் இறந்திருந்தார். துக்க வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதில்லை. அயலார் கொடுப்பதே வழக்கம். அவ்வீட்டார் எமக்கு உறவினரல்லர். சுற்றத்தாருக்கு வைத்த பங்கு விருந்தினருக்குச் சென்றது.

யான் பட்டப்படிப்பில் வரலாற்றைப் பாடமாகக் கற்றபோது, தோட்டத் தொழிலாளரின் வீண்செலவு பற்றிய கூற்றுகளை அடிக்கோடிட்டுப் படித்தேன். தோட்டத்து நிருவாக அறிக்கைகளின் நடையிலேயே என் தாயாரின் செலவைக் கண்டித்ததும் உண்டு. அவர் மறுமொழி கூறவில்லை. பின்னர் ஒருநாள் பழைய புத்தகங்களிடையே அந்நாட்காட்டித் தாள் கிடைத்தது. அதன் ஓரத்தில் என் கையெழுத்திலேயே சீட்டுப் பணத்தின் வரவும், ஒவ்வொரு பொருளின் விலையும், மீதியும் இருந்தன. வரவு செலவை விஞ்சியிருந்தது. கடன் ஒரு சதமும் இல்லை. யான் எழுதிய சான்றையே யான் படிக்கவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

இற்றை நிலை

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003இல் இயற்றப்பட்ட சட்டத்தால், எஞ்சியிருந்த நாடற்றோரும் பிரசாவுரிமை பெற்றனர். நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விலையேறியபோது, எம் முதியோர் 1974ஐ நினைவு கூர்ந்தனர். மரவள்ளி வடையின் பக்குவத்தைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் கேட்டறிந்தனர்.

இன்று லயத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் தொழில் புரிகின்றனர். தீபாவளிக்கு முதல்நாள் கொழும்பினின்று பதுளைக்கு வரும் புகையிரதமும் பேருந்தும் நிறைந்து வருவதை ஹாலிஎலவில் நின்று பார்ப்போர் அறிவர். அரைக்கும் யந்திரம் வந்துவிட்டது. ஆட்டுக்கல் வாசற்படியாய்க் கிடக்கின்றது. சீட்டு மட்டும் நிற்கவில்லை. கணக்கு இன்று கைத்தொலைபேசியில் எழுதப்படுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஊவாத் தோட்டங்களின் தீபாவளி விருந்து, தேயிலையோடு குடும்பங்கள் நிலைபெற்ற காலத்தில் தோன்றியது என்பது ஒன்று. உலகப் போரும் பங்கீடும் பஞ்சமும் அதன் உணவை மாற்றினவேயன்றி, அதன் ஒழுங்கை மாற்றவில்லை என்பது மற்றொன்று. சம்பளத்தையும், அரிசியின் அளவையும், குடியிருக்கும் அறையையும், ஈற்றில் தாம் எந்த நாட்டவர் என்பதையும் பிறரே தீர்மானித்த ஒரு மக்கள், தாமே தீர்மானித்து நடத்திய செயல் இவ்விருந்து என்பது மூன்றாவதாகும். அதனை வீண்செலவென்பது, அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே ஆட்சியை வீண் என்பதாகும்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தோட்டத் துரைமாரின் நாட்குறிப்புகளும் அரசாங்க அறிக்கைகளும் ஆவணக் காப்பகத்தில் உள. அவை நாளையும் இருக்கும். உங்கள் பாட்டியாரின் கணக்கு அவர் நினைவில் மட்டும் உள்ளது. வருகின்ற தீபாவளி விடுமுறையில் ஊர் செல்லும்போது, ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு அவரருகே அமருங்கள். எத்தனை பேருக்கு, எத்தனை கொத்து, யார் வந்தனர், யார் வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். கணக்கிற் பிழை உள்ளதுபோலத் தோன்றினால், அதனைத் திருத்தற்கு விரையாது, காரணத்தைக் கேளுங்கள்.

என் தாயார் இன்றும் முப்பது பேருக்கே அரிசி அளக்கின்றார். நீலகிரியில் இருந்த மாமா காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின. படையலில் அவருக்கும் ஓர் இலை இடப்படுகின்றது. சுற்றத்தாருள் எண்ணப்பட்டவர் இப்பொழுது முன்னோருள் எண்ணப்படுகின்றார். கொத்தின் கணக்கு மாறவில்லை.